டாம்பரினும் ஒரு ஜோடிக் குச்சியும்: ஆர்கெஸ்ட்ரா தாளவாத்தியத்துக்குப் புதியவர்களுக்கு

உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையாக பேண்டைத் தேர்ந்தெடுத்து ‘பெர்கஷன்’ பிரிவில் விழுந்த பிள்ளைகள், வேலைக்குப் போன பிறகு ஏதாவது ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க ஆசைப்படும் பெரியவர்கள், மிருதங்கமோ கஞ்சிராவோ கற்றுக்கொண்டு அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “என்ன வாங்கணும்?” குச்சி ஒரு ஜோடி, பிராக்டிஸ் பேட் (டிரம்முக்குப் பதிலாக அடித்துப் பழகும் ரப்பர் பலகை) ஒன்று. முதல் வருஷத்துக்கு அது போதும். டாம்பரின் (சுற்றிலும் உலோகச் சில்லுகள் பதித்த, கையில் பிடித்து வாசிக்கும் தோல் வளையம்) பிறகு வரட்டும். கையில் காசு இருந்தால் நல்ல டாம்பரினை ஒரே நாளில் வாங்கிவிடலாம். நம் சிங்கப்பூர் ஈரத்தில் அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிம்பனி, பாஸ் டிரம், மரிம்பா மாதிரிப் பெரிய சாமான்கள் பள்ளிக்கோ ஆர்கெஸ்ட்ராவுக்கோ சொந்தம். கையடக்கமான டாம்பரின், டிரையாங்கிள், குச்சிகள், மாலெட்டுகள் எல்லாம் பெரும்பாலும் வாசிப்பவரின் சொந்தச் சாமான்கள். அதனால்தான் தொழில்முறைக் கலைஞரின் பையில் ஒன்றுக்கு மேற்பட்ட டாம்பரின்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். இவற்றைச் செய்கிறவர்களில் பலர் தாங்களே மேடையில் வாசித்தவர்கள். மாசசூசெட்ஸில் ‘குரோவர்’ நிறுவனத்தைத் தொடங்கிய நீல் குரோவர் பாஸ்டனில் வாசித்த பெர்கஷன் கலைஞர். மிச்சிகன் மாநிலத்தின் சின்ன ஊரான ஸீலாண்டில் ‘பிளாக் ஸ்வாம்ப்’ இருக்கிறது. வெர்மான்டில் ‘கூப்பர்மேன்’ பட்டறையில் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து வளையம் செய்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பேச்சில் இந்தப் பெயர்கள் அடிக்கடி அடிபடும்.

முதல் படி: காசைச் செலவழிக்கும் முன் காதைப் பழக்குங்கள்

எஸ்பிளனேட் கலையரங்கில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் இருக்கைகள் உண்டு. பாடகர் குழு இல்லாத நிகழ்ச்சிகளில் அங்கே டிக்கெட் கிடைக்கும். மற்றவர்களுக்கு அது கடைசித் தேர்வாக இருக்கலாம். பெர்கஷன் கற்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தாளவாத்தியக்காரர்கள் உங்கள் முன்னால்தான் நிற்பார்கள். எந்தத் துணுக்குக்கு எந்த டாம்பரினை எடுக்கிறார்கள், வாசித்து முடித்ததும் சத்தமில்லாமல் எப்படிக் கீழே வைக்கிறார்கள், எண்ணிக்கொண்டே காத்திருக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று எல்லாம் தெரியும். 1979-ல் தொடங்கிய சிங்கப்பூர் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா பொட்டானிக் கார்டன்ஸில் இலவசமாகவும் வாசிக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போக அது சௌகரியம்.

வீட்டில் கேட்பதற்கும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ (1892) ஒன்றிலேயே இரண்டு பாடம் இருக்கிறது. ரஷ்ய நடனத்தில் டாம்பரின் ஓங்கி அடிக்கும். அரேபிய நடனத்தில் மூச்சுவிடுகிற மாதிரி மெல்லக் கேட்கும். த்வோர்ஷாக்கின் ‘கார்னிவல்’ முன்னிசை (1891) ஆர்கெஸ்ட்ரா வேலைக்கான தேர்வுகளில் டாம்பரின்காரர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படுவது. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெட்ருஷ்கா’வில் (1911) பொம்மை சாகும் இடத்தில் டாம்பரினைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கீழே போடச் சொல்லியிருக்கிறார். சொந்த டாம்பரினை அதற்குக் கொடுக்காதீர்கள். பள்ளியின் பழசு எதற்கு இருக்கிறது! ஸ்னேர் டிரம்முக்கு (அடித்தோலில் கம்பிகள் கோத்த சின்ன முரசு) ராவெலின் ‘பொலேரோ’ (1928) போதும். ஒரே தாளக்கட்டு, முணுமுணுப்பில் தொடங்கிக் கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். அதைக் கேட்டால் நல்ல குச்சிக்கு ஏன் அலைகிறார்கள் என்று புரியும்.

இரண்டாம் படி: குச்சி

பாப் டிரம்ஸ் குச்சி வேறு, கச்சேரி ஸ்னேர் குச்சி வேறு. கடையில் கண்ணில் படும் 5ஏ வகை சுமார் 14 மில்லிமீட்டர் தடிமன், ஹிக்கரி மரம். அதிர்ச்சியைத் தாங்கும், சிம்பலில் வேகமாக ஓடும். ஆர்கெஸ்ட்ராவில் தேவை வேறு: ஒவ்வொரு அடியும் ஒரே நிறத்தில், மெல்ல வாசிக்கும்போதும் தெளிவாக விழ வேண்டும். அதற்கு நுனி சின்னதாகவும் உருண்டையாகவும், உடம்பு கொஞ்சம் தடித்தும் இருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது மேப்பிள் குச்சி. விக் ஃபெர்த் நிறுவனத்தின் எஸ்டி1 கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் தடிமன், 41 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். மேப்பிள் என்பதால் அவ்வளவு தடிமனிலும் கனக்காது. கருங்காலி இனத்தைச் சேர்ந்த பெர்சிமன் மரத்தில் கடைந்த கனமான குச்சிகளும் உண்டு. ஒலி அடர்த்தியாக வரும். ஆனால் பிடி சரியாக அமையாத கைக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம். அவசரப்பட வேண்டாம்.

விக் ஃபெர்த் 1952-ல் பாஸ்டன் சிம்ஃபனியில் சேர்ந்து, 2002 வரை அங்கே டிம்பனி வாசித்தவர். சந்தையில் கிடைத்த குச்சி எதுவும் திருப்தி தராததால் 1960-களின் தொடக்கத்தில் தானே செதுக்கிப் பார்த்து, கடைசல்காரரிடம் கொடுத்துச் செய்ய ஆரம்பித்தார். இரண்டு குச்சிக்கும் எடை மட்டுமல்லாமல் சுருதியும் ஒத்திருக்க வேண்டும் என்று அவர் பிடித்த பிடி இன்று தொழில் வழக்கமாகிவிட்டது.

அதைக் கடையிலேயே நீங்கள் சோதிக்கலாம். கண்ணாடி மேசையோ வழவழப்பான பலகையோ தேடி, ஒவ்வொரு குச்சியையும் உருட்டுங்கள். நேரான குச்சி ஓசையின்றி ஓடும். வளைந்தது தத்தித் தத்திப் போகும், நடுவில் வெளிச்சம் தெரியும். பிறகு ஒரு குச்சியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்து, அடிப்பக்கத்தை மரப்பலகையில் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் கேளுங்கள். அடுத்ததையும் அதே மாதிரி. ஒன்று ‘டக்’ என்றும் மற்றது ‘டொக்’ என்றும் சொன்னால் அந்த ஜோடி வேண்டாம். ஸ்னேரில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இடைவிடாமல் அடித்து மெல்ல உருட்டும்போது அந்த வித்தியாசம் நொண்டுவது போலக் கேட்கும். பிள்ளையின் கையில்தான் குறை என்று ஆசிரியர் நினைப்பார். கடைசியாக மர இழையைப் பாருங்கள். கோடுகள் குச்சியின் நீளத்தோடு போக வேண்டும். குறுக்கே சரிந்து வெளியேறும் இடத்தில்தான் ஒரு நாள் உடையும். தரமான பிராண்டில் ஜோடி சேர்த்தேதான் வரும், ஆனால் கடையில் பத்துப் பேர் எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றி வைத்திருப்பார்கள்.

கச்சேரிக் குச்சியால் பிராக்டிஸ் பேடையும் ஸ்னேரின் தோலையும் தவிர வேறு எதையும் அடிக்காதீர்கள். டிரம் விளிம்பில் அடித்து நுனி சிதைந்த குச்சி மெல்ல வாசிக்கும்போது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: டாம்பரினைப் படிக்கத் தெரிந்துகொள்ளுதல்

ஆர்கெஸ்ட்ரா டாம்பரின் என்றால் வழக்கமாக 10 அங்குல விட்டம், இரண்டு வரிசை ஜிங்கிள் (உலோகச் சில்லுகள்), ஒரு பக்கம் தோல். கஞ்சிராவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிசு. கஞ்சிராவில் ஒரு துளையில் சில காசுகள். இதில் சுற்றிலும் ஜோடி ஜோடியாகச் சில்லுகள். தோலின் பேச்சைவிடச் சில்லுகளின் பேச்சுதான் இங்கே அதிகம். எனவே விலையின் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

ஜெர்மன் சில்வர் என்று எழுதியிருந்தால் வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை. பளிச்சென்ற குரல், முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டிக் கேட்கும். பாஸ்பர் வெண்கலம் கொஞ்சம் இருண்ட, வறண்ட ஒலி, சட்டென்று நிற்கும். பெரிலியம் செம்பும் உண்டு. ஒரே வளையத்தில் இரண்டு உலோகத்தைக் கலந்தும் செய்கிறார்கள். ஆனால் உலோகத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கைப்பட்டறைகளில் ஒவ்வொரு சில்லையும் சுத்தியலால் தட்டிக் குழிக்கிறார்கள், சிலர் சூடேற்றியும் பதப்படுத்துகிறார்கள். இப்படித் தட்டுவதால் மணி மாதிரி நீண்டு ஒலிப்பது குறைந்து, ‘சிக்’ என்று கூர்மை வருகிறது. மலிவான டாம்பரினில் அச்சில் வெட்டிய தகரச் சில்லுகள் கலகலவென்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடையில் இப்படிப் பாருங்கள். டாம்பரினை இடது கையில் பிடித்து, தரைக்குச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விரல் நுனியால் விளிம்போரம் தொடுங்கள். அந்தச் சின்னத் தொடுதலுக்கே சில்லுகள் பதில் சொல்ல வேண்டும். பிறகு தோலைத் தரைக்கு இணையாகச் சாய்த்துத் தட்டிப் பாருங்கள்; சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்வதால் ஒலி வறளும். நெட்டுக்குத்தாக நிறுத்தித் தட்டினால் தொங்கிய சில்லுகள் கூடுதலாகச் சிணுங்கும். இந்த மூன்று நிலைக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு அந்த டாம்பரினால் வேலை வாங்கலாம். வளையத்தில் ஒரு ஓட்டை இருந்தால் அதில் விரலை விடாதீர்கள். அது ஸ்டாண்டில் மாட்டுவதற்கு. உதறும்போது விரல் மடங்கினால் வலி கொஞ்சநஞ்சமாக இருக்காது.

விலை சில நூறு வெள்ளி ஆகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கப்பல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கும் வரி உண்டு. பள்ளி பேண்டில் இருக்கும் பிள்ளைக்கு இளையர் விழா வருகிறதே என்று அவசரமாக ஒன்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். என் பார்வையில் அது வீண் செலவு. பள்ளிச் சாமானிலேயே வாசிக்கட்டும். உயர்நிலை முடிந்தும் ஆசை தீராவிட்டால் அப்போது ஒன்று, நல்லதாக.

நான்காம் படி: ஈரத்தோடு குடித்தனம்

நல்ல டாம்பரினில் கன்றுத்தோல் அல்லது ஆட்டுத்தோல் இருக்கும். பெரும்பாலானவற்றில் அதை வளையத்தில் ஒட்டியே விடுவார்கள். முடுக்க ஆணி கிடையாது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். திறந்துவைத்த அப்பளம் மாதிரி தோல் நமத்துப்போகும், அடித்தால் ‘பொத்’தென்று விழும். பள்ளி மண்டபத்து ஏர்கானில் கணீரென்றிருந்ததை வெளிமேடைக்கு எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில் “சார், இது செத்துப்போச்சு!” என்று பிள்ளைகள் ஓடி வருவது வழக்கம். சாகவில்லை, தண்ணீர் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கஞ்சிராக்காரர்கள் இங்கே தலைகீழாக யோசிக்க வேண்டும். அதில் உட்புறம் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்தி, கும்மென்ற அடிக்குரலை வரவழைக்கிறோம். டாம்பரினில் தண்ணீரைக் காட்டவே கூடாது. தளர்ந்துவிட்டால் மேசை விளக்கின் கீழே கொஞ்ச நேரம் வைக்கலாம். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே காட்டுங்கள். புறங்கைக்குச் சூடாக இருந்தால் தோலுக்கும் சூடுதான். வெயிலில் வைக்காதீர்கள், வளையம் கோணும், ஒட்டு விடும்.

(கஞ்சிரா பேச்சு வந்ததால் ஒன்று. தாத்தா காலத்து உடும்புத்தோல் கஞ்சிராவை ஊரிலிருந்து கொண்டுவர நினைக்கிறவர்கள் கவனிக்க: உடும்பு இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனைத்துலக வணிகத்துக்கும் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சாங்கியில் இறக்கினால் சிக்கல். இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் நல்லவை கிடைக்கின்றன.)

வீட்டில் வைக்க எளிய வழி, கேமரா வைக்கும் டிரை கேபினெட். பல வீடுகளில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். ஈரப்பதத்தை 45-லிருந்து 55-க்குள் வையுங்கள். லென்ஸுக்குச் சொல்கிறார்களே என்று 35-க்கு இறக்கினால் தோல் இழுத்து விளிம்பில் விரியும், மரமும் சுருங்கும். கேபினெட் இல்லாவிட்டால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பை, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிலிக்கா ஜெல் நிறைந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

அரங்கத்திலிருந்து வெளியே வரும்போது பையை மூடியே கொண்டுவாருங்கள். சில்லென்ற தோலிலும் உலோகத்திலும் வெளிக்காற்று பட்டவுடன் வியர்க்கும். வீட்டுக்கு வந்து, பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். பூஞ்சை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, பையையும் காயவையுங்கள். பெரும்பாலும் பைதான் குற்றவாளி. சில்லுகள் மங்கினால் பித்தளை பாலிஷ் போடாதீர்கள். இடுக்கில் பாலிஷ் படிந்து குரலை அமுக்கும். மங்கினது மங்கினபடியே இருக்கட்டும்.

இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்பவர்களுக்குச் செயற்கைத் தோல் இருக்கிறது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. வெளிமேடைக்கு நான் கூசாமல் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் மென்மையான இடங்களில் கன்றுத்தோலின் சதைப்பிடிப்பு அதில் வராது.

ஐந்தாம் படி: கை

சாதாரண அளவுக்கு நடு மூன்று விரல்களைக் குவித்து, விளிம்புக்கும் நடுவுக்கும் பாதி வழியில் தட்டுவது. மெல்லியதற்கு விரல் நுனிகளால் விளிம்போரம். வேகமும் சத்தமும் சேர்ந்து வந்தால் முழங்கால் முறை: ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, டாம்பரினைக் கவிழ்த்துப் பிடித்து, மேலே முஷ்டிக்கும் கீழே முழங்காலுக்கும் நடுவே ஆட வைப்பது. நட்கிராக்கரின் ரஷ்ய நடனத்தில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். நீண்ட சத்தமான உருட்டலுக்கு மணிக்கட்டிலிருந்து உதறினால் போதும். தோளிலிருந்து உதறினால் சீக்கிரம் கை சோர்ந்துவிடும்.

எல்லாரும் தடுமாறுவது பெருவிரல் உருட்டலில். முதலில் தேன்மெழுகுக் கட்டியை எடுத்து, தோலின் வெளியோரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுற்றித் தேயுங்கள். கட்டியாக ஒட்டியதை விரல் சூட்டால் பரப்பிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத மென்படலம் போதும். இப்போது பெருவிரலை விறைப்பாக நீட்டி, நுனிச் சதையை விளிம்போரம் பதித்து, சாய்வாக முன்னே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அழுத்தம் போதவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் விரல் தானே குதிக்கத் தொடங்கும். ஒரு கணம் பிடித்து, ஒரு கணம் விட்டு, மறுபடி பிடித்து, அந்தத் துடிப்பில் சில்லுகள் அத்தனையும் நடுங்கும். வயலின் வில் தந்தியைப் பிடித்து இழுத்து விடுவதும் இதே கதைதான். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த உராய்வு புதிதல்ல. ஏர்கானில் விரல் காய்ந்துவிட்டால் வாசிப்பதற்கு முன் பெருவிரலில் வாயால் ஊதி லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் சத்தம் பிரச்சினை. வீவக வீட்டில் மேசைமேல் வைத்த பேடின் அதிர்வு மேசைக்கால் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில் மடித்த துவாலை போடுங்கள். டாம்பரினுக்கு மெல்லிய துணியை வளையத்தைச் சுற்றிக் கட்டினால் சில்லுகள் அடங்கும், கைவேலை மட்டும் பழகலாம். பெருவிரல் உருட்டலை மட்டும் துணியில்லாமல் பழகியாக வேண்டும், சில்லுகள் சொல்லாமல் சரியா தப்பா என்று தெரியாது. நல்லவேளையாக அது மெல்லிய சத்தம்தான்.

ஆறாம் படி: முதல் ஒத்திகை

மேசையில் தடித்த துணி விரித்து, அதன்மேல் தோல் பக்கம் மேலாக டாம்பரினைக் கிடத்துங்கள். எடுக்கும்போது படுத்தவாக்கிலேயே, ஒரு கை சில்லுகளை அணைத்தபடி மெதுவாக. நாலு தாளவட்டம் முன்பாகவே கையில் எடுத்துவிடுங்கள். இசையை நடத்தும் கண்டக்டர் உங்களைப் பார்க்கும் நேரத்தில் கிளிங் கிளிங் என்று எடுக்கக் கூடாது. பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் விரல், எந்த இடத்தில் முழங்கால், எங்கே சாய்வு என்று இசைக்குறிப்புத் தாளிலேயே குறியுங்கள். ஐம்பது அறுபது தாளவட்டம் சும்மா நின்றுவிட்டு ஒரே ஒரு அடி அடிக்க வேண்டிவரும். எண்ணுவதை மட்டும் நம்பாமல், உங்களுக்கு முன்னால் எந்த வாத்தியம் நுழைகிறது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எங்கே வாசிப்பது என்பவர்களுக்கு: தொழில்முறையல்லாத பெரியவர்களுக்கு 1986-ல் தொடங்கிய பிராடல் ஹைட்ஸ் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவும், 2008-ல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா ஆஃப் தி மியூசிக் மேக்கர்ஸும் இருக்கின்றன. சமூக மன்றங்களை ஒட்டிய காற்றிசைக் குழுக்களும் உண்டு. நம் வாத்தியங்களோடு கூட்டிசை என்றால் மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு இருக்கிறது. சேருவதற்கு முன் எழுதிக் கேட்கும்போது ‘பெர்கஷன்’ என்று மட்டும் போடாதீர்கள். ஸ்னேர் எவ்வளவு வரும், இசைக்குறிப்பு படிப்பீர்களா, சொந்தமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். “குச்சி இருக்கிறது, டாம்பரின் இல்லை” என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிரிவில் யாராவது ஒருவர் தன்னுடையதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அதைக் கையில் வாங்கும்போது முதலில் தோலில் மெழுகு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் தோலில் உங்கள் மெழுகைத் தேய்ப்பதற்கு முன் அனுமதி வேண்டும்.